மூடிய துறைமுகமும் திறந்த பொனற்றும்

ஐந்து ஆண்டுகள் மூடிக் கிடந்த கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. அதன்பிறகு நாடு முழுக்கப் புது வண்டிப் பேச்சுத்தான். வரி எவ்வளவு, ஹைபிரிட்டா மின்சாரமா, ஒருமுறை சார்ஜ் பண்ணினால் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேள்விகள் நீளுகின்றன. பழுதானால் யார் திருத்துவார் என்ற கேள்வி மட்டும் அவ்வளவாகக் காதில் விழவில்லை. கொழும்பில் இருப்பவருக்கு அது சின்னக் கேள்வியாக இருக்கலாம். திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி எல்லாம் தாண்டி நாற்பது கிலோமீற்றருக்கு மேல் போனால் வரும் திரியாயில் இருப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்கு வடக்கும் கிழக்கும் ஒருமுறை விடை கண்டிருக்கின்றன. விடை நான்கு சில்லில் ஓடியது. அதன் பெயர் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்.

அந்தக் காலத்தில் காரைக் கொண்டே ஆளை எடைபோட்டார்கள். மொறிஸ் மைனர் வாத்தியாரின் கார் என்றால், கேம்பிரிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும் டொக்டர், புரொக்டர், பெருவியாபாரி வகையறாவின் கார்கள். அதற்கு மேலே ஹம்பர், பென்ஸ் என்று போகும். அவற்றை ஊரில் காண்பது அரிது. முதலில் துரைமார் வைத்திருந்த கேம்பிரிட்ஜ் சில ஆண்டுகளில் கை மாறி, ஹயருக்கு ஓடும் காராகி, ஊர்ப் பொதுச் சொத்தைப் போல ஆகிவிடும். பெண் அழைக்கவும் அதுதான், பிரசவ வலி கண்ட பெண்ணை நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அதுதான். முன்னால் மூவர் இருப்பார்கள். பின்னால் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர்களில் பலர் அந்தப் பின் இருக்கையில் யாருடைய மடியிலோ இருந்து வந்த பிள்ளைகள்தான்.

காரின் பிறப்பும் சுவையானது. 1952 இல் ஒஸ்ரினும் மொறிசும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் ஆயின. கம்பனி ஒன்றானாலும் பழைய பெயர்களைக் கைவிட மனமில்லை. 1950களின் இறுதியில் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்பரீனாவைக் கொண்டு ஒரே உடலை வரைவித்து, முகப்பையும் அலங்காரத்தையும் சற்று மாற்றி, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், வோல்ஸ்லி, றைலி, எம்ஜி என்று ஐந்து பெயரில் விற்றார்கள். அதே பினின்பரீனா பிரான்சின் பேஜோ 404 ஐயும் வரைந்தது. பின்புறத்தில் இருபக்கமும் மீன் செட்டை விரித்த அந்த உருவத்தில் கேம்பிரிட்ஜையும் 404 ஐயும் தூரத்தில் பார்த்துக் குழம்பாதவர் குறைவு. 1961 இல் வந்த ஏ60 கேம்பிரிட்ஜில் 1622 கன சென்ரிமீற்றர் இயந்திரம் இருந்தது. பி தொடர் என்று சொல்லப்பட்ட அந்த இயந்திரக் குடும்பம் எம்ஜிபி என்ற பந்தயச் சாயல் காரிலும் ஓடியது. இந்தியாவின் அம்பாசடரிலும் ஓடியது.

இலங்கைக்கு இந்தக் கார்கள் வந்த வேளையும் கவனிக்கத்தக்கது. வந்து சில காலத்திலேயே கதவு சாத்தப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட, அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சி சந்தையைத் திறக்கும்வரை, உள்ளதைக் கொண்டே ஓட வேண்டிய நிலை. பிரித்தானியாவில் எப்போதோ பழைய இரும்புக்குப் போன வண்டிகள், இங்கே இருபது வயதிலும் வர்ணம் பூசி மினுக்கிய மாப்பிள்ளைக் கார்களாக நின்றன. வெட்டி ஒட்டும் தகரவேலை, சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்ரன் போடும் கடைசல் வேலை, ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்தும் சாமர்த்தியம் எல்லாம் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஊர் ஊராகப் பரவின.

நம்பர் தகட்டிலும் ஒரு கதை உண்டு. 1950களின் பிற்பகுதியில் வாகன இலக்கத்தில் சிங்களச் சிறீ எழுத்து கட்டாயமானது. 1958 இல் தமிழரசுக் கட்சி அதை அழித்துத் தமிழ்ச் சிறீ எழுதும் போராட்டத்தை நடத்தியது. தெற்கில் பதிலுக்குத் தமிழ் எழுத்துகள் மீது தார் பூசினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், தமிழர் தரப்போடு அரசாங்கம் செய்திருந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் கலவரம் வெடித்தது. அந்த எழுத்து அகன்று வெறும் எண்களாகி, பிறகு ஆங்கில எழுத்துகளாகித் தகடு எத்தனையோ முறை மாறிவிட்டது. இன்றைக்குச் சிறீ இலக்கத்தோடு நிற்கும் கார் என்றால் விலை பேசுவோருக்கு அது வயதுச் சான்றிதழ். தெரிந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதலான ஒன்று.

திரியாய்க்கு இந்தக் கதையில் உள்ள இடத்தை வரைபடமே சொல்லும். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் காடும் குளமும் வயலும். திருகோணமலை–புல்மோட்டை வீதிதான் உயிர்நாடி. இந்த மாவட்டத்தின் கரையோர வீதிகளைக் களப்பும் ஆற்றுவாயும் துண்டு துண்டாக அறுத்து வைத்திருக்கின்றன. 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் போன வாகனங்கள் மிதவைப் பாதையில் ஏறித்தான் துறையைக் கடந்தன. உப்புக் காற்று, மணல், மழைக்காலத்துச் சேறு, பாதைக்குக் காத்திருக்கும் வெயில் எல்லாம் சேர்ந்தால் எந்தக் காரும் நடுவழியில் நிற்கத்தான் செய்யும். நின்ற இடத்தில் திருத்த முடிகிறதா என்பதே இங்கே ஒரு காரின் தரம். பற்றரி இறங்கினால், முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பலாம். பெற்றோல் வராவிட்டால் காபரேற்றரைக் கழற்றி ஊதலாம். பொயின்றில் கரி பிடித்தால் தீப்பெட்டிப் பக்கத்தால் உரசலாம். பொனற்றைத் தூக்கினால் எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம்.

அந்த வீதி 1985 இல் வேறொன்றையும் கண்டது. அவ்வாண்டு வன்முறையில் திரியாய் எரிந்தது. மக்கள் ஊரை விட்டார்கள். பல ஆண்டுகள் கழித்தே சிறிது சிறிதாகத் திரும்பினார்கள். கேம்பிரிட்ஜ் நினைவை இனிமையாகப் பேசும்போது இதை மறந்துவிட்டால் அது அரைக் கதை. வடக்குக் கிழக்கில் கார் என்பது உலாவுக்குப் போன வண்டி மட்டுமல்லாமல், கிழவியையும் ஆட்டுக்குட்டியையும் தையல் மெசினையும் ஏற்றிக்கொண்டு ஓடித் தப்பிய வண்டியும்கூட.

இரண்டாவது கதவடைப்பு 1990 இல் வந்தது. போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் தடைப்பட்டது, மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அதே கைகள்தான் கேம்பிரிட்ஜையும் ஒஸ்ரின் ஏ40 ஐயும் மண்ணெண்ணெய்க்கு மாற்றின.

இது மந்திர வித்தை அல்ல. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலச் சட்டென்று ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்துக்குள் துளியாகவே நிற்கும், தீப்பொறி பிடிக்காது. ஆகவே கிளப்புவதற்கு மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். அழுத்தம் கூடிய இயந்திரத்தில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்து இடிக்கும். 1950களின் கேம்பிரிட்ஜ் இயந்திரத்தின் அழுத்த விகிதம் ஏழு, எட்டு அளவுதான். இன்றைய பெற்றோல் இயந்திரங்களில் அது பெரும்பாலும் பத்தைத் தாண்டும். பழைய காரின் பலவீனம் எதுவோ அதுவே அங்கே உயிர் காத்தது. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: கரும்புகை, கண்ணெரிச்சல், எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும் தொல்லை, அடிக்கடி கழுவ வேண்டிய பிளக். ஆனாலும் ஓடியது. 2002 இல் ஏ9 பாதை திறந்து தெற்கிலிருந்து ஆட்கள் போனபோது, அருங்காட்சியகத்தில் நிற்க வேண்டிய கார்கள் யாழ்ப்பாணத் தெருவில் ஹயர் ஓடுவதைக் கண்டு வாய்பிளந்தார்கள்.

இதே கதையைக் கியூபாக்காரரும் சொல்வார்கள். 1959 புரட்சியும் அதைத் தொடர்ந்த அமெரிக்கத் தடையும் வந்தபின், ஹவானாவின் செவர்லேகளும் பியூக்குகளும் ரஷ்ய இயந்திரமும் டீசல் இயந்திரமும் மாட்டிக்கொண்டு ஓடின. 2011 வரை, புரட்சிக்கு முந்திய கார்களை மட்டும்தான் அங்கே மக்கள் தடையின்றி வாங்கி விற்க முடிந்தது. சுற்றுலாப் பயணிக்கு அது அழகான படம். ஓட்டுபவருக்கு வேறு வழி இல்லாமை. யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் கார்களை நினைத்துப் பூரிப்பவர்களும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருப்பது நல்லது. கொண்டாட வேண்டியது மெக்கானிக்கின் கையை. அந்தக் கையை அப்படி வேலை வாங்கிய தடையை அல்ல.

பழைய இயந்திரம் என்பதால் மட்டும் எதுவும் நிலைத்துவிடாது என்பதற்குச் சென்னையில் நல்ல உதாரணம் உண்டு. 1985 இல் அங்குள்ள ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற உயர்தரக் காரை இறக்கியது. உடல், 1977 இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருது வாங்கிய ரோவர் எஸ்டி1 இனுடையது. உள்ளே வைத்ததோ பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டின் 2 லீற்றர் இயந்திரம்; ஃபெர்குசன் உழவு இயந்திரத்தில் இருந்ததன் உறவு. தோற்றம் மந்திரிக்கு, மூச்சு வயலுக்கு. விலை அதிகம், எரிபொருட் செலவும் அதிகம். 1988 அளவில் உற்பத்தி நின்றது. அதே காலத்தில் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் மறுபிறப்பான அம்பாசடரோ 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இருந்து வந்துகொண்டே இருந்தது. அழகில் ரோவரின் கால்தூசுக்கும் அம்பாசடர் வராது. ஆனால் கன்னியாகுமரியிலும் அதன் பாகம் கிடைத்தது. பஞ்சர் கடைக்காரருக்கும் அதன் வயிறு தெரிந்திருந்தது.

உதிரிப்பாகம் என்றால் இலங்கையே உலகத்துக்குக் காட்டிய ஒரு வழியும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைத் திருத்தி விற்றவர் சார்ல்ஸ் வேர். காரைத் தூக்கி எறியாமல் தலைமுறைக்கும் பேணுவதே சிக்கனம் என்று 1982 இல் புத்தகமே எழுதியவர். 1990களில் அவர் தன் கார்களுக்கு வேண்டிய தகர உடற்பாகங்களைச் செய்விக்கத் தேடிப்பிடித்தது இலங்கையின் தெற்கை. அங்கே கையால் அடித்த மட்காட்கள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. வடக்கே தடைக்குள் இருந்தவர் கேம்பிரிட்ஜை உயிரோடு வைக்கப் பாடுபட்ட அதே பத்தாண்டில், தெற்கே இருந்தவர் பிரித்தானியரின் கார்களுக்கு உடல் செய்து கொடுத்தார். இரண்டும் ஒரே தொழிற்திறமை. ஒன்றுக்குச் சந்தை கிடைத்தது, மற்றதற்குத் தடை கிடைத்தது.

மூன்றாவது கதவடைப்பு எல்லோர் நினைவிலும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் பெற்றோலே இல்லாமல் போனது. கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். திருகோணமலைக்கு இதில் ஒரு தனிக் கசப்பு. சீனன்குடாவில் பிரித்தானியர் தங்கள் ஆட்சிக் காலத்தில் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன; 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சையும் கண்டவை அவை. 2022 ஜனவரியில்தான் அவற்றில் பலவற்றைப் புதுப்பிக்க இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த சில மாதங்களில் அதே மாவட்டத்து மக்கள் போத்தலும் கானுமாக வரிசையில் நின்றார்கள்.

இந்த மூன்றாவது கதவடைப்பில்தான் வேறுபாடு தெரிந்தது. முன்னைய இரண்டிலும் ஓடிக்கொண்டிருந்தவை கண்ணுக்குத் தெரியும் இயந்திரங்கள். இப்போது ஓடுபவற்றில் பல ஜப்பானிய ஹைபிரிட்கள். பழுதைச் சொல்வது கணினி. அதைக் கேட்க ஒரு ஸ்கானர் வேண்டும். ஸ்கானர் சொன்னாலும் சில பாகங்களைக் கம்பனியின் மென்பொருள் அனுமதித்தால்தான் மாற்றலாம். இதைச் சொல்லிப் புதுக் காரைச் சபிப்பதில் அர்த்தமில்லை. கேம்பிரிட்ஜில் நான்கு சில்லுக்கும் பழைய ட்ரம் பிரேக்தான். மோதினால் காக்கும் காற்றுப் பை கிடையாது. பிள்ளையை மடியில் வைத்து ஓட்டிய அந்தப் பயணங்கள் இன்றைய கண்ணுக்குப் பயங்கரம். ஒரு லீற்றருக்கு ஹைபிரிட் ஓடும் தூரத்தில் பாதிகூட அது ஓடாது. புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யாரும் தினப் பாவனைக்கு 1961 க்குத் திரும்ப வேண்டியதில்லை.

நம்முடைய கராஜ்காரர்கள் தோற்றுப்போனார்கள் என்பதும் இல்லை. ஹைபிரிட் பற்றரி முழுவதையும் மாற்ற இலட்சக்கணக்கில் கேட்டபோது, அதைப் பிரித்து, செத்த செல்லை மட்டும் மாற்றிக் கொடுக்கப் பழகியவர்கள் இந்த நாட்டில் ஊர் தோறும் இருக்கிறார்கள். காபரேற்றரைக் கழற்றி ஊதியவரின் வாரிசுகள் இவர்கள்தான். கைத்திறமையில் குறையில்லை. அவர்கள் முன் பொனற் பூட்டிக் கிடக்கிறது. சாவி வெளிநாட்டில் இருக்கிறது.

இந்தப் பூட்டை மற்ற நாடுகள் சட்டத்தால் திறக்கப் பார்க்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2007 இலேயே, திருத்தத் தேவையான தகவலைக் கார்க் கம்பனிகள் சுயாதீனக் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஒழுங்குவிதி கொண்டுவந்தது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 இல் மக்களே வாக்களித்து அதை உரிமையாக்கினார்கள். அங்கெல்லாம் கம்பனியின் சேவை நிலையம் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அப்படியிருந்தும் கேட்டார்கள். மூன்று முறை கதவடைப்பைப் பார்த்த இலங்கைக்கு அது இன்னும் எவ்வளவு அவசியம்! வாகனம் இறக்குமதி செய்பவருக்கு அனுமதி கொடுக்கும்போதே, திருத்தக் கைநூலையும் பழுதுக் குறியீடுகளையும் எந்தக் கராஜும் நியாய விலையில் பெறலாம், குறித்த ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதற்கு அந்நியச் செலாவணி ஒரு சதமும் தேவையில்லை.

இன்னொரு வேலை உள்ளூரிலேயே செய்யக்கூடியது. கொழும்பில் பழைய கார்ச் சங்கங்கள் உண்டு. மினுக்கிய கார்கள் ஊர்வலம் போகின்றன. மண்ணெண்ணெயில் ஓட்டிய அனுபவத்துக்கு அந்த ஊர்வலத்தில் இடம் குறைவு. குறைந்த அழுத்தத்தில் எப்படி ஓட்டினார்கள், ஒயிலை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றினார்கள், கிடைக்காத பாகத்தை எதிலிருந்து கடைந்தார்கள் என்பதெல்லாம் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக்குகளின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்கள் ஒரு தவணைக்குத் தங்கள் கைபேசியில் பதிவு செய்தாலே ஒரு நல்ல தமிழ்க் கைநூலுக்கு வேண்டிய பாதி கிடைத்துவிடும். கேம்பிரிட்ஜைத் திருத்துவதற்கு அந்த நூல் பயன்படுவது கொஞ்சம்தான். பாகம் கிடைக்காத நிலையில் பழுதை எப்படி யோசிப்பது என்பதை அது மின்சாரக் கார் படிக்கும் பிள்ளைக்கும் சொல்லித் தரும்.

2025 இல் கப்பலில் இறங்கிய வண்டிகளில் பலவற்றின் உத்தரவாதக் காலம் இந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் முடிந்துவிடும். அப்போது முதல் சொந்தக்காரர் விற்பார். முன்பு டொக்டரின் கேம்பிரிட்ஜ் வந்ததைப் போலவே, பாவித்த வண்டிகளாக அவை புல்மோட்டை வீதிக்கும் வந்து சேரும். அதற்குள் நிபந்தனை எழுத்தில் வந்திருக்க வேண்டும். இறக்குமதி ஆண்டுக்கு ஆண்டு கூடிவிட்ட பிறகு கேட்டால், இறக்கியவர்களும் விற்றவர்களும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். திருகோணமலை மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் போக்குவரத்து அமைச்சிடம் எழுப்ப வேண்டிய முதல் கேள்வியும் இதுவே: இந்த வண்டி குச்சவெளிக்கு வடக்கே நின்றுவிட்டால், அங்கேயே அதைத் திருத்த சட்டம் இடம் கொடுக்கிறதா?